போட்டாதாங் தேநீர்க்கடையில் புது ஆள்

ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுக எழுத்தர் வீராசாமி அழைத்து வந்திருக்கிறார். மாலையானால் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் இந்த மேசையைச் சுற்றிக் கூடி, கூலி முதல் சுயராஜ்யம் வரை எல்லாம் பேசுவார்களாம்.

"ஸ்பெயின் கப்பல்காரன் ஒருத்தன், அவங்க ஊர்லயும் காப்பிக்கடையில இப்படித்தான் தினம் கூடுவாங்க, அதுக்குத் தெர்த்தூலியான்னு பேருன்னு சொன்னான்" என்று வழியெல்லாம் உற்சாகமாகச் சொல்லி வந்தார்.

இன்று யாருமே பேசவில்லை. போன வாரம் இங்கே கூலி உயர்வைப் பற்றிப் பேசிய ஆறுமுகத்தை மறுநாளே போலீஸ் பிடித்துப் போய்விட்டது. காட்டிக் கொடுத்தது யாரென்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு புது ஆள் பத்திரிகையின் ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"யாருங்க அவர்?" என்று கிசுகிசுக்கிறேன்.

"தெரியலைங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்கிறார் வீராசாமி.

அவன் எழுந்து எங்களிடமே வருகிறான்.

"ஊருக்குப் புதுசுங்க. தமிழ் ஆளுங்களப் பாத்தேன். நானும் சேந்துக்கலாமா?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். துணையில்லாதவனாக இருக்கலாம், போலீஸ் ஆளாகவும் இருக்கலாம். வீராசாமி முக்காலி ஒன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார்.

"உக்காருங்க. ஆறுமுகம் போன வாரம் பாதியில விட்டதைப் பேசுவோம்."

எனக்கு நாளை கப்பல். இவர்கள் இங்கேயே இருக்க வேண்டியவர்கள். வீராசாமியின் குரல் நடுங்குகிறது, ஆனாலும் நிறுத்தாமல் பேசுகிறார். ஒருவரும் எழுந்து போகவில்லை.