மழை நனைத்த வரகு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மாமனார். மாமியார். என் வீட்டுக்காரர். அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன். அவருக்குத்தான் பெண் பேசியிருந்தது. அப்புறம் நான். பெண் வீட்டிலிருந்து வந்தவர்கள்: பெண்ணின் அப்பா. அம்மா. தாய்மாமன். பெண் வரவில்லை. பெண்ணைக் கூட்டி வரமாட்டார்கள்.

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். மாசி மாதம். எங்கள் ஊர் விழுப்புரத்துக்கு வடக்கே. எல்லாருக்கும் கூலி வேலைதான். பெண் வீட்டார் ஒலக்கூர்ப் பக்கம். காலை ரயிலில் விழுப்புரம் வந்து இறங்கி, மிச்சத்தை நடந்து வந்தார்கள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிடித்தால் சாப்பிட உட்காருவார்கள். கை நனைக்கிறது என்போம். நனைத்துவிட்டால் பெண் நமக்கு. பாதியில் இலையை விட்டு எழுந்தால் பேச்சு அத்தோடு சரி. கொழுந்தனுக்கு முன்னாலேயே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

அந்த நாளில் சோறுதான் பெரிய பாடு. பர்மா அரிசி நின்று போச்சு. கண்ட்ரோலில் சர்க்கார் அளந்து போட்ட அரிசி புழுவும் நாற்றமும். மிஷினில் தீட்டின அரிசியை எங்கள் மாமனார் எப்பவும் தொட மாட்டார். "அது வெறும் சக்கை. தின்னா காலு வீங்கும்" என்பார். கேப்பை, கம்பு, வரகு, இதுதான் அவருக்குச் சோறு. சம்பந்திக்கும் வரகுதான் என்று சொல்லிவிட்டு, மண்டகப்பட்டுப் பக்கம் நடந்தே போய் ஒரு சின்ன மூட்டை வாங்கிச் சுமந்து வந்தார்.

வரகில் ஒரு சங்கதி. அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தால் அந்த வரகு ஆகாது. தின்றால் மயக்கும். மாடு தின்று செத்ததும் உண்டு. அதனால் போன வருசத்துப் பழசாகப் பார்த்துத்தான் வாங்குவோம். அந்தத் தை மாசம் வேறு விடாத மழை. மாமனார் கேட்டுத்தான் வாங்கினார். மூட்டை வாயில் கையை விட்டுப் பார்த்தார். மேலே இருந்தது பழசுதான்.

விடியற்காலை இருட்டில் மூட்டை முழுசையும் திரிகையில் அரைத்தேன். புடைத்தேன். குருணையைக் கோழிக்கு இறைத்தேன். உலை வைத்தேன்.

பேச்சு நல்லபடி முடிந்தது. ஆம்பிளைகள் முதல் பந்தி. மாமனாரும் கொழுந்தனும் உட்காராமல் உபசரிக்க நின்றார்கள். பெண்ணின் அப்பா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். அதைப் பார்த்ததும் மாமனார் முகம் தெளிந்தது. மாமியார் சோறு வைத்தார். தாய்மாமன் தமாஷ்காரர். "இன்னா மாமா, மோப்பம் புடிச்சிக்கினு குந்தியிருந்தா சோறு ஆறிப் பூடும்" என்று பெண்ணின் அப்பாவைச் சீண்டிவிட்டு உருட்டி உருட்டி உள்ளே தள்ளினார். பெண்ணின் அப்பா நிதானமாகக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

குழம்புக்கு இன்னொரு கரண்டி எடுக்கப் புழக்கடைக்குப் போனேன். அடுப்பு அங்கேதான். பெட்டைக்கோழி ஒன்று வேலியோரம் கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. காலால் தள்ளினேன். எழுந்து, இரண்டு எட்டு வைத்து, பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றது.

எனக்கு உள்ளங்கை வியர்த்துப் போச்சு. ஓடிப்போய்க் காலி மூட்டையை உதறினேன். அடித் தையலில் ஒட்டியிருந்த மணிகள் விழுந்தன. கறுப்பு. மோந்தேன். பூஞ்சை நாற்றம்.

கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். மாமனார் எதிரில் நான் வாய் திறந்து பேசினதில்லை. அன்னிய ஆம்பிளைகள் வேறு. கொழுந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோழிக்கு வேறு சீக்காக இருக்குமோ, சொன்னால் நம்மால் பெண் போய்விடுமோ என்று நின்றேன். தாய்மாமன் இரண்டாம் தடவை சோறு கேட்டார். பெண்ணின் அப்பா முதல் கவளத்தை எடுத்தார்.

போய் அவர் இலைமேல் என் கையை விரித்து மூடினேன்.

"இன்னா பண்ற நீ?" மாமனார் கத்தினார்.

"மாமா, வரகு நனைஞ்ச வரகு. கோழி உழுந்துடுச்சி. யாரும் சாப்பிடாதீங்க."

பெண்ணின் அப்பா கவளத்தை இலையில் போட்டார். என் வீட்டுக்காரரும் கையை எடுத்துவிட்டார். அவர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மட்டும் சிரித்தார். "கோழிக்குச் சீக்கு வந்தா நான் பட்டினியாம்மா?" இன்னொரு வாய் போட்டார். மாமியார் இலையைப் பிடுங்கினார்.

கை கழுவப் போன தாய்மாமன் பனைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "யாருய்யா கள்ளு ஊத்தினது? ஊரு சுத்துதே" என்றார். அதுவரைக்கும் தமாஷ்தான். பிறகு நாக்கு குழறியது. கை கால் உதறியது. கண் செருகி அப்படியே சரிந்தார்.

தூக்கிவந்து நிழலில் போட்டோம். விஷம் முறியப் புளியைக் கரைத்து ஊற்றினோம். கொஞ்சம் உள்ளே போச்சு, மிச்சம் கடைவாயில் வழிந்தது. என் வீட்டுக்காரர் மோருக்கு ஓடினார். பெண்ணின் அம்மா தன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இவன் ஒருத்தன்தானே" என்று சொல்லிச் சொல்லி மாரைத் தடவினார். அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வைத்தியர் யாரும் ஊரில் இல்லை. மோர் வந்தது. ஊற்றினோம். அசைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. அதையும் மூக்கில் விரல் வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மாமனாரைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். சோற்றுப் பானை முன்னால் உட்கார்ந்து கை நிறையச் சோற்றை அள்ளியிருந்தார்.

"மாமா!" என்றேன்.

"நான் வாங்கியாந்த வரகு. அந்த ஆளுக்கு ஆவறது எனக்கும் ஆவட்டும்."

எனக்குப் பின்னால் பெண்ணின் அப்பா வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் குனிந்து மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமா என்னவென்று தெரியவில்லை. "ஒருத்தன் படுத்தது போறாதா? எழுந்திருங்க" என்றார். செம்புத் தண்ணீரை எடுத்து அவரே அந்தக் கையைக் கழுவிவிட்டார். மாமனார் தலை நிமிரவில்லை.

வெயில் சாய்ந்தது. அவர்கள் திரும்பவேண்டிய ரயில் போய்விட்டது. பொழுது இறங்குகிற நேரத்தில் தாய்மாமன் புரண்டு குடம் குடமாக வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார். எல்லாரையும் பார்த்தார். "அக்கா, இவங்க வூட்ல பொண்ணு குடுக்கலாம். சோறு போட்டா ரெண்டு வேளைக்குப் பசிக்காது" என்றார். அப்போதுதான் அந்த அம்மா அழுதார்.

பக்கத்து வீட்டிலிருந்து கேப்பைக் கூழ் வாங்கிவந்தேன். பெண்ணின் அப்பா வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு முதல் குவளையைக் குடித்தார். கை நனைத்த மாதிரிதான். வைகாசியில் கல்யாணம்.

வரகுமேல் தப்பில்லை. இப்பவும் எங்கள் வீட்டில் வரகு உண்டு. ஆனால் மூட்டையை முழுசும் கொட்டி, அடியைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். என் மனசில் நிற்பது கதவுக்குப் பின்னால் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான். மரியாதைக்குப் பயந்து இன்னும் சற்று நின்றிருந்தால் இரண்டு குடும்பத்திலும் சாவு விழுந்திருக்கலாம். பெரியவர்கள் முன்னால் பேசவேண்டியது வந்தால் இன்றைக்கும் என் கை வியர்க்கிறது, ஆனாலும் பேசிவிடுகிறேன். கொழுந்தனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் ஐந்து.