கொடியாகிவிட்ட பழைய கேபிள் ஒயர்

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு டிஜிட்டல் பாக்ஸ் மாட்ட வந்த கேபிள்காரர், புது ஒயர் இழுத்துவிட்டு, தெருவைத் தாண்டி வந்த பழைய ஒயரை மொட்டைமாடியிலேயே விட்டுப் போனார். கழற்றச் சொல்ல எனக்குக் கூச்சம். துணி காயப்போட ஆகுமே என்று அதன் நுனியை இழுத்து மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டினேன்.

ஈரப் புடவையை விரிக்கப் போனபோது எதிர்வீட்டு மல்லிகா அவள் மாடியிலிருந்து கத்தினாள்.

"அக்கா, தொடாத! அந்த ஒயரு கரண்டு கம்பில உரசிக்கினு கீது! டிவி பாக்கத்தானே பாக்ஸு போட்ட, மேல போய்ச் சேரவா?"

நான் இழுத்துக் கட்டியதில்தான் ஒயர் உயர்ந்து கம்பியைத் தொட்டிருந்தது. போன் செய்ததும் மின்வாரியத்தார் வந்து, கரண்டை நிறுத்தி ஒயரை அகற்றினார்கள்.

இப்போதெல்லாம் யார் ஒயர் மாற்ற வந்தாலும், "பழசைத் தெருவுக்கு அந்தப் பக்கக் கடைசி வரைக்கும் கழட்டிட்டுப் போங்க" என்கிறேன். கழற்றி முடிக்கும்வரை மாடியிலேயே நிற்கிறேன்.