மூன்றாவது ஜூரி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அமெரிக்கக் கோர்ட் சீரியல் பார்க்கும்போது, ஜூரிகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் படத்தை அப்படியே நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு நான், என் வீட்டுக்காரர், மகள் மூவரும்தான் ஜூரி. மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் மறுபடி ஓடவிடலாம். சட்டம் போட்டவள் மகள். அப்போது பிழைக்க வந்த ஊரான ஆகுர்டியில் வாடகை வீட்டில் இருந்தோம், அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்கு ஆளின் மூஞ்சியைப் பார்த்தாலே போதும். "அவன் முழியே செரியில்ல, தூக்கி உள்ள போடு" என்பார். மகள் சப்பாத்திக் கட்டையால் மேசையில் ஓங்கித் தட்டுவாள். "முழியெல்லாம் சாட்சி இல்லப்பா. தள்ளுபடி!" யாரோ சொன்னதாக இன்னொருவர் சொல்வது செல்லாது, முன்பு திருடினான் என்பதற்காக இன்றைக்கும் அவன்தான் திருடினான் என்று சொல்லக்கூடாது. இந்த விதிகளெல்லாம் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின. நான் கடைசி வரை சந்தேகம் கிளப்புகிற ரகம். என் சந்தேகத்தால் சாம்பார் அடிப்பிடித்த நாட்கள் உண்டு. அதற்கும் விசாரணை நடந்து, என்னைத்தான் குற்றவாளி என்றார்கள்.

பிறகு அவள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாள். படிப்பு முடிந்ததும் கொஞ்ச நாள் அனுபவம், அப்புறம் திரும்பி வந்து இங்கே ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை என்பது ஏற்பாடு. அதை நம்பித்தான், ஹிஞ்சவடிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வாகடில் இந்த ஃபிளாட்டை வாங்கினோம். அவளுக்கென்று ஓர் அறை. கீழே பார்க்கிங்கில் அவளுடைய பழைய ஸ்கூட்டர். வீட்டுக்காரர் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் கையுமாகக் கீழே இறங்கி, வண்டியைத் துடைத்து, கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். "காகா, விகூன் டாகா" என்று வாச்மேன் மராத்தியில் சொல்லிச் சிரிப்பான், வித்துத் தொலையுங்கள் என்று. இவர் காதில் வாங்கமாட்டார்.

கொஞ்ச நாள் என்றது வருஷக்கணக்காக நீண்டது. இரண்டு பேர் ஜூரியில் தீர்ப்பே வருவதில்லை. அவர் உள்ளே போடு என்பார், நான் விட்டுவிடு என்பேன். மூன்றாவது ஓட்டு அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். சாத்திய கதவு திரையில் அப்படியே நிற்க, நாங்கள் எழுந்து சாப்பிடப் போய்விடுவோம்.

ஒரு காலை அவல் போஹாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மா, கெஸ் பண்ணு! என்னை ஜூரில எடுத்துட்டாங்க!"

சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு ஓடி வந்தார். "கொலையா அம்மிணி?"

"அப்பா! பேசவே கூடாது. கேஸ் முடியற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிருக்காரு."

"நாங்க யார்கிட்டச் சொல்லப் போறோம்?" என்றவர், டீ ஆறுவதற்குள் சொசைட்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நம் நாட்டில் ஜூரி முறை எப்போதோ போய்விட்டதால், அது என்னவென்று ஒவ்வொருவருக்கும் தனது ஹிந்தியில் விளக்க வேண்டியிருந்தது.

நான் எண்ணெயில் கடுகைப் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. எத்தனை சீரியலில் பார்த்திருக்கிறேன்! ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது முதல் தகுதியே அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதுதான். வேலைக்குப் போய்த் தங்கியிருக்கிறவர்களை அங்கே உட்கார வைக்கமாட்டார்கள். கடுகு கருகி நெடி ஏறியது. நான் அடுப்பை அணைக்காமல் நின்றேன்.

"அந்த ஊர்க்காரியா ஆயிராத கண்ணு" என்று ஒருமுறை சொன்னபோது, "சும்மா இரும்மா, நான் என்ன இங்கயேவா இருக்கப் போறேன்?" என்றாள். அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது மற்றதெல்லாம் வரிசையாக வந்து கூண்டில் ஏறின. போன தடவை வந்தபோது அலமாரியிலிருந்த புடவைகளையெல்லாம் எடுத்துப் போனாள். 'வீட்டுக்குப் போய்ப் பேசறேன்' என்று அவள் சொல்லும் வீடு வாகடில் இல்லை. சந்தர்ப்ப சாட்சியம்தான், நேரடிச் சாட்சி ஒன்றுமில்லை என்று அவளுக்காக நானே வக்கீலாக நின்று வாதாடினேன். குடியுரிமை வாங்கியவர்கள் திரும்பி வருவதில்லையா என்ன? வருகிறார்கள். ஆனால் வருகிறவள் மறைப்பாளா? அந்தக் கேள்விக்கு என் வக்கீல் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவர் பாட்டுக்குக் குதூகலமாக இருந்தார். வழக்கு நடந்த நாட்களில் அவள் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்பதோடு போனை வைத்துவிடுவாள். தினமும் காது வலிக்கப் பேசுகிறவள். அவள் குரலுக்கு அவ்வளவு ஏங்கினேன். அது வந்தபோது நானும் அதையே திருப்பிக் கேட்டுவிட்டு வைத்தேன்.

ஞாயிறு காலை வீடியோவில் அழைத்தாள். வழக்கு முடிந்திருந்தது. அவர் கீழே போயிருந்தார்.

"கொலையெல்லாம் இல்லம்மா. கடைல ஜாக்கெட் திருடின கேஸ். அதுக்கே எங்களுக்குள்ள அவ்ளோ சண்டை. உன்னை மாதிரியே ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. எல்லாத்துக்கும் சந்தேகம். நான் கேஸை விட்டுட்டு அவங்களையே பாத்துட்டு இருந்தேன்."

நான் சிரித்தேன். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்பார்கள் வக்கீல்கள். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் அவள் வாயால் கேட்கத் தைரியமில்லை.

அவளே, "நீ ஒண்ணும் கேக்கலையேம்மா?" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது. சாட்சியெல்லாம்தான் வந்திருச்சே."

தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லணும்னுதான்மா இருந்தேன். அப்பா முகத்தைப் பாத்தா..." அதற்குள் கீழேயிருந்து சத்தம் வந்தது. "அது என்னம்மா சத்தம்?"

"உன்ற வண்டி."

"இன்னும் ஸ்டார்ட் ஆகுதா?" என்றாள். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டாள் போல, அவள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் வைக்கச் சொல்லவில்லை. அவளாக அழைப்பை முடிக்கும் வரை போனைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். இனியும் மறைக்க முடியாது என்று தோன்றியது. "ஏனுங்க, ஜூரில உக்காரோணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"அன்னைக்குச் சவரம் பண்ணிட்டு இருக்கறப்பவே. நானும் அதே சீரியலத்தான பாத்தேன்."

இரண்டே பேராக நாங்கள் ஒத்துப்போன முதல் தீர்ப்பு அது. எனக்கு ஏனோ அவர்மேல்தான் கோபம் வந்தது. "அப்பறம் என்னத்துக்கு இன்னைக்கும் போயி வண்டியக் கிளப்பிட்டு வர்றீங்க?"

அவர் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"வண்டி என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார்.