கஞ்சி போட்ட இறக்கை

எனக்கு வயது அறுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்களுக்காக எவர் வீட்டு வாசலிலும் கையேந்தி நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். போன மாதம் என் பேத்தி தர்ஷினி, புருவத்துக்குத் தடவ வாங்கி வைத்திருந்த விளக்கெண்ணெயை எரிகிற அடுப்பின் மேல் சிந்திவிட்டாள். அது கருகி எழுந்த வாடை மூக்கில் ஏறியதும், கையில் பிடித்திருந்த கரண்டியை வைக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். என் வயதுக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் பள்ளி விடுமுறையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய ஞாபகம்தான் வரும். எனக்கு வருவது ஒரு சண்டை விமானம்.

மலேசியாவில், ஈப்போ பக்கத்து லகாட்டுக்கு அப்பால், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். மரத்தில் வெட்டி எடுத்த பாலைத் தகடாக்கிப் புகைபோடும் ஆலையில் என் அப்பாவுக்கு என்ஜின் வேலை. எல்லோரும் அவரை "என்ஜின் ரெங்கசாமி" என்பார்கள். அம்மா அஞ்சலை, பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டுக்குப் போவாள்; பின்னேரத்தில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளின் வீடுகளுக்குத் துணி துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பாள். அவள் கஞ்சி போட்ட வேட்டி தரையில் தானாக நிற்கும் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள், அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்று, இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொண்டேன். அந்த மூன்று வகுப்பில் கற்ற எழுத்தைத்தான் இப்போது கூட்டிக் கூட்டி எழுதுகிறேன்.

எழுபதுகள் தொடங்கிய சமயம் அது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்ன துரை ஒரு வெள்ளைக்காரர், கல்யாணம் ஆகாதவர். துரைமார்கள் தமிழ் கற்றே ஆகவேண்டும் என்ற வழக்கம் அப்போது இருந்தது. அவர் அதை ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்கள் வாயிலிருந்து கற்றதால் கிழவன் கிழவி எல்லோரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார். அதில் அகங்காரம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பங்களாவுக்குக் கீழே இருந்த படாங் திடலில் அவர் ஒரு விமானம் விடுவார். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இறக்கை, அதில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக வட்டம், பழைய சண்டையில் பறந்த விமானத்தின் அச்சு. மூக்கில் நிஜமான சின்ன என்ஜின். அதற்கு ஊற்றும் எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருப்பார், அதனால்தான் அந்த வாடை. நீளக் கம்பி நீட்டிய பெட்டி ஒன்று அவர் கழுத்தில் தொங்கும். அதிலிருந்த குச்சிகளை விரலால் தள்ளினால், கயிறும் இல்லாமல் கம்பியும் இல்லாமல், விமானம் ஆகாயத்தில் திரும்பும். லயமே வேலியோரம் நின்று பார்க்கும்.

ஒரு நாள் அது கால்பந்துக் கம்பத்தில் மோதி இறக்கை முறிந்தது. துரை அதைத் துணிக்கூடையில் போட்டு அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை வீட்டுக்கு எடுத்து வந்து பாயில் கிடத்தினார். உள்ளே தக்கை மாதிரி லேசான மரத்தில் விலா எலும்பு விலா எலும்பாகச் செய்து, மேலே பட்டுத் துணி ஒட்டியிருந்தது. அந்த மரம் இங்கே ஏது? அப்பா காட்டில் ஜெலுத்தோங் மரம் வெட்டிவந்து, முகச்சவரக் கத்தியால் சீவி, உடைந்த விலாக்களைச் செய்து பொருத்தினார். புது மரம் பழையதைவிட கனம்; ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கத்து நுனியில் ஈயத்துண்டு ஒன்றை வைத்துச் சரிக்கட்டினார். பறந்தது, ஆனால் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே பறந்தது.

அப்பா அதில் அவ்வளவு பாடுபட்டது விளையாட்டுக்காக இல்லை. அந்த வருடம்தான் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் குடியுரிமை இல்லாதவர்கள், இனிமேல் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சொன்னார்கள். அப்பா இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் விமானம் மேலே போகும்போது கித்தா மரத்தடியில் குப்புறப் படுத்திருந்தவர். இந்த மண்ணைத் தவிர வேறு மண் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் குடியுரிமைக்கான நீல ஐசிக்கு எழுதிப்போட ஒரு நாள் வேலையை விட்டு ஈப்போவுக்குப் போகவேண்டும், மலாயில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்; பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அம்மாவும் நாங்களும் இங்கே பிறந்தவர்கள். வீட்டில் அவர் ஒருவர்தான் சிவப்பு. பெர்மிட் கிடைக்காவிட்டால் அவர் போகவேண்டும். தானே ஈப்போ ஆபீசுக்கு வந்து பேசுவதாகச் சின்ன துரை சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

வருடக் கடைசியில் மற்றத் தோட்டத்துத் துரைமார்கள் எங்கள் படாங்கில் கூடுவதாக ஏற்பாடு. அவர்களுக்கு முன்னால் தன் விமானம் குண்டு போடவேண்டும் என்று துரைக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா விமானத்தின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு வைத்து, அதைக் கம்பியாலும் ரப்பர் வளையத்தாலும் இழுத்துக் கட்டினார். பெட்டியின் ஒரு குச்சியைத் தள்ளினால் உள்ளே தீப்பெட்டி அளவு மோட்டார் அசையும், கதவு திறக்கும், குண்டு விழும். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, நம்ம லயத்து மேல போட்டுப் பாக்க மாட்டீங்களே? எங்கூட்டுக் கூரை ஏற்கெனவே ஒழுவுதுலா," என்றார். குண்டுக்கென்று துரை ஒரு பை கோதுமை மாவு கொடுத்தனுப்பினார். திங்கிற மாவை வானத்திலிருந்து கொட்டுகிற புத்தி யாருக்கு வரும் என்று அம்மா முணுமுணுத்துவிட்டு, பழைய சேலையில் பொட்டலம் தைத்து அடுப்புச் சாம்பலை நிரப்பினாள். மாவை நாங்கள் ரொட்டி சுட்டுத் தின்றோம். விழுந்தால் புகை மாதிரியே இருக்கும் என்று அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கதவு வைக்கும்போது இறக்கைத் துணியைப் பிரித்து மறுபடி ஒட்டவேண்டி வந்தது. ஒட்டியபின் துணி மேளத்தோல் மாதிரி இறுக, அதன்மேல் பூசும் மருந்து ஒன்று சீமையிலிருந்து டின்னில் வரும். துரையின் டின்னில் அடிவண்டல்தான் இருந்தது. புது டின் கப்பலில் வந்துசேருமுன் கூட்டம் வந்துவிடும் என்று அப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அந்தத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுக்கா இம்புட்டு யோசன? நான் கஞ்சி போட்டுத் தாரேன். வெறப்பா நிக்கும் பாருங்க."

மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, கோழி இறகால் மூன்று முறை பூசினாள். நானும் தம்பிகளும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வெயில் போன பக்கமெல்லாம் போனோம். காய்ந்ததும் விரலால் சுண்டினால் டங்கென்றது. அடுத்த ஞாயிறு நல்ல வெயில். துரை விட்டுப் பார்த்தார். விமானம் முன்னைவிட நன்றாகவே பறந்தது. "அஞ்சலை, நீ கெட்டிக்காரி," என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே தூறல். கொஞ்சம் விடட்டும் என்று அப்பா இரண்டு முறை போய்ச் சொன்னார். ஆனால் கார்கள் வந்துவிட்டன, துரைமார் வீட்டு மேம்சாப்கள் குடையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. விமானம் எழும்பியது. சாம்பல் குண்டு படாங் நடுவில் சரியாக விழுந்து புகைந்தது, கை தட்டினார்கள். இரண்டாவது குண்டும் விழுந்தது. மூன்றாவதற்காக அதை மேலே ஏற்றித் திருப்பியபோதுதான் பார்த்தேன், இறக்கைத் துணி ஈரச் சேலை மாதிரி படபடவென்று அடித்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். என் தோளில் இருந்த அவள் கை அப்படியே இறுகியது. ஈரம் பட்டால் கஞ்சி இளகும் என்று அவளுக்குத் தெரியாதா? தினமும் அவள் புழங்குகிற விஷயம். ஆனால் துணி என்றால் கொடியில் காயும், மழை வந்தால் ஓடிப்போய் எடுத்துவிடலாம். ஆகாயத்தில் போய் நனையும் என்று யார் நினைத்தோம்?

துரை குச்சியை ஒரு பக்கம் தள்ளினார், மறுபக்கம் தள்ளினார். விமானம் தன் பழைய வழக்கப்படி இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்த மாதிரியே கித்தா காட்டை நோக்கிப் போனது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு துரைக்கு இரண்டடி பின்னால் நின்றார். பெட்டியை வாங்க அவருக்கு உரிமை இல்லை, வாங்கினாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. துரையின் முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது.

"கேக்க மாட்டேங்குது, ரெங்கசாமி," என்றார். "கேக்க மாட்டேங்குது."

மரங்களுக்கு மேலே போய் அது கண்ணுக்கு மறைந்தது. என்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும், பால் வெட்டப் போனவர்கள் நிரைநிரையாகத் தேடினார்கள். தழை அப்படி அடர்ந்திருந்த காலம். ஒரு குச்சிகூட அகப்படவில்லை.

துரை கோபப்படவில்லை என்பதை நான் இங்கே எழுதியே ஆகவேண்டும். சொன்ன சொல்படி, அப்பாவைத் தன் காரின் முன்சீட்டிலேயே உட்காரவைத்து ஈப்போவுக்கு அழைத்துப் போனார். காலையில் போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார்கள். காரை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவரும் இறங்கினார். அம்மாவைப் பார்த்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னேன், அஞ்சலை. ரொம்ப சொன்னேன். கேக்க மாட்டேங்குறாங்க."

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் அந்தக் கஞ்சியப் போடாம இருந்திருக்கலாங்க."

கஞ்சிக்கும் பெர்மிட் கிடைக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். விமானமே பார்த்திராத எத்தனை பேர் அந்த வருடம் நம் தோட்டத்திலிருந்து போகிறார்கள், அவர்கள் வீட்டில் யார் கஞ்சி போட்டது என்று கேட்டார். அவள் காதில் ஏறவில்லை. முதலில் தான் போய் ஒரு வேலை பார்த்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லி, பினாங்கில் அப்பா இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தம்பிகள் கையை ஆட்டினார்கள். கப்பல் திரும்பும்போது எந்தத் தலை அவருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வருடம் பிறந்து கித்தா மரங்கள் இலை கொட்டும் பருவம் வந்தது. ஒரு காலையில் வெட்டுக்குப் போன அம்மா, பால் வாளியோடு பாதியில் திரும்பி வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஓர் இலைகூட இல்லாத மரம் ஒன்றின் உச்சியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி ருசிக்குப் பூச்சி துணி முழுவதையும் தின்று தீர்த்திருந்தது. அப்பா சீவிவைத்த விலாக்கள் மட்டும் மீன்முள் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. துணி போய்விட்டதே தவிர, அவர் பொருத்தியது ஒன்றும் விட்டுப்போகவில்லை. கித்தா கிளை மளுக்கென்று ஒடியும், ஆள் ஏற முடியாது. சின்ன துரையும் அதற்குள் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நாங்கள் அண்ணாந்து நின்றோம். அடுத்து வந்த வாரங்களில் சிவப்பாகத் தளிர் விட்டது, பிறகு பச்சையானது, பிறகு அது தெரியவில்லை.

அப்பா எங்களைக் கூப்பிடவில்லை. ஊரில் அவருக்கு வேலையும் சரியாக அமையவில்லை, யாரும் அவரை ஊர்க்காரராக நினைக்கவும் இல்லை என்று கேள்விப்பட்டோம். சில வருடம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டார் என்று தந்தி வந்தது. அம்மா பிறகு ஒருநாளும் கஞ்சி காய்ச்சவில்லை. கிராணி வீட்டு வேலையையும் விட்டுவிட்டாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வேட்டி தொளதொளவென்று இருந்ததைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். என் வீட்டு அலமாரியிலும் இன்றுவரை மொடமொடப்பான துணி கிடையாது.

எண்பதுகளில் கித்தாவைத் தள்ளிவிட்டுச் செம்பனை வைத்தார்கள், அதையும் தள்ளிவிட்டு வீடு கட்டினார்கள். போன தீபாவளிக்கு மகன் காரில் அந்தப் பக்கமாகப் போனோம். லயம் இல்லை, ஆலை இல்லை, படாங் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. அந்த மரம் எங்கே நின்றது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. அதன் உச்சியில் இருந்தது மரத்தோடு சாய்ந்ததா, அதற்கு முன்பே விழுந்ததா, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

தர்ஷினி, எழுதி முடித்துவிட்டேன். கண்ணாடி போட்டாலும் என் எழுத்து எனக்கே தெரிய மாட்டேன் என்கிறது. முதலிலிருந்து நீ படித்துக்காட்டு. என் எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், அவசரமில்லை. துரை காரிலிருந்து இறங்கிவந்து சொல்கிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் உரக்கப் படி. அம்மாவின் படம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.