மாத ஊசியும் எதிர்க்கடைக்காரரும்

கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாவிட்டால் முடிதிருத்துகிறவர் யாரைத் திட்டுவார்? இவர் கத்தரிக்கோலைத்தான் திட்டினார். மட்டமான சரக்கு, சுருங்கிவிட்டது என்று பட்டறைக்குக் கொண்டுபோய் வளையத்தை அகலப்படுத்தினார். மறுபடியும் அகலப்படுத்தினார். செருப்பும் பற்றாமல் போய், தாடையும் முன்னால் வந்த பிறகு மனைவி பிடிவாதமாக மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அறுவை செய்தும் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை அடக்கிவைக்க மாதம் ஓர் ஊசி, அநேகமாக ஆயுள் முழுக்க.

அந்த ஊசியை அவர் தெய்வமாகவே நினைத்தார். வீக்கம் வடிந்தது, தலைவலி விட்டது, விரல் வளையத்துக்குள் தாராளமாகப் போய்வந்தது. வாடிக்கையாளர்கள் வைத்த 'பெரியகை' என்ற பெயர் மட்டும் வடியவில்லை.

ஊசி போடுவது மனைவிதான். தூரத்து மருத்துவமனை நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். இந்த மாதம் ஊசி நாளுக்கு முதல் நாள், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"கை நடுங்காதவங்க யாராவது இருந்தா போதும், நான் போன்லயே சொல்லித் தர்றேன்" என்றாள் நர்ஸ்.

"எதிர்க்கடைத் தம்பி இருக்காரே" என்றாள் மனைவி.

பெரியகை எகிறிக் குதித்தார். எதிரே அந்த இன்னொரு முடிதிருத்தும் கடை திறந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "அவனா! அவன் கை இரும்புக் கை. அதுவுமில்லாம, என் விரல் வீங்கிக் கடையை மூடினா எல்லாக் கூட்டமும் அவன்கிட்டதான் போகும். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றியா?"

"ஊசி போடாட்டியும் அவர்கிட்டதான் போகும். எது வசதி?"

அவளே போய்க் கூப்பிட்டாள்.

எதிர்க்கடைக்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். பெரியகை வேட்டியைத் தளர்த்திக் கட்டிலில் கவிழ்ந்து படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"தோலைக் கிள்ளிப் பிடிக்காதீங்க, ரெண்டு விரலால இழுத்துத் தட்டையா வைங்க" என்றது போன்.

"சவரம் பண்ற மாதிரியா?"

"அதேதான்."

ஊசி இறங்கியதே தெரியவில்லை. மருந்து கெட்டியானது, நிதானமாகத்தான் தள்ள வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்திருந்தாலும் பெரியகைக்குத் தெரிந்திருக்காது. அந்த மனிதர் எடுக்கவில்லை. பெரியகை லேசாக அசைந்தபோது மட்டும், "ஆடாதீங்கண்ணே, காது வெட்டுப்பட்டுடும்" என்றார், கடைப் பழக்கத்தில். போனுக்குள் நர்ஸ் சிரித்தாள்.

"முழுசாப் போயிடுச்சா?" பெரியகை தலையைத் திருப்பிக் கேட்டார்.

காலிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒரு சொட்டு பாக்கி இல்லைண்ணே."

"தம்பி, ரொம்ப நன்றிப்பா. என் பொழைப்பைக் காப்பாத்திட்டே." பெரியகை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ணே. பாதி சவரத்துல ஒருத்தரை உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று அவர் ஓடினார்.

பெரியகை மனைவி பக்கம் திரும்பினார். "நோவே தெரியலை! அடுத்த மாசமும் அவனையே கூப்பிடலாமா?" கேட்ட பிறகுதான், கோபித்துக்கொள்வாளோ என்று தோன்றியது.

"அப்பாடா!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஊசி நாள் வந்தா எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. கதவைச் சாத்திக்கிட்டு நடுங்கித் தீர்த்துட்டுத்தான் உங்ககிட்ட வருவேன்."

"ஒரு நாளும் சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீங்க போட்டுக்குவீங்களா?"

எதிர்க்கடைக்காரருக்கு உடனே வாயில் வந்த நன்றி, இவளுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை என்பது அப்போதுதான் பெரியகைக்கு உறைத்தது. கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த நன்றியைச் சொன்னார்.