சொல் முடியும்வரை

எனக்குத் திக்குவாய் என்பது எட்டு வயதுவரை எனக்குத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தன் வாயிலிருந்து வருவது தன் காதில் விழாதா என்று கேட்கிறார்கள். விழத்தான் விழுந்தது. பேச்சு என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சில சொற்கள் கூப்பிட்டதும் வரும், சில சொற்கள் கொஞ்சம் நின்று யோசித்து வரும். எங்கள் வீட்டில் அதற்காக யாரும் முகம் மாறியதில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டில் எங்கள் குப்பம். அக்கரையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சு வெள்ளைக்காரர்களின், கோட்டை. நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அம்மா மீனைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் விற்பாள், விற்காததைக் காயவைப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது எங்கள் குப்பத்தில் பெரிய அதிசயம். சிறுமியாக இருந்தபோது கோட்டைக்குள் ஒரு துரை வீட்டில் தொட்டில் ஆட்டும் வேலை பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுப் பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க வாத்தியார் ஒருவர் வீட்டுக்கே வருவார். துரை பிள்ளைகள் எவ்வளவு படித்தார்களோ தெரியாது. தொட்டிலில் கிடந்த குழந்தை நன்றாகத் தூங்கியது, அம்மா படித்துவிட்டாள்.

எனக்கும் அவள்தான் வாத்தியார். காலையில் மீனைப் பரப்பிவிட்டு அதன் ஓரத்து மணலிலேயே எழுத்துகளை எழுதிக் காட்டுவாள். காகம் வந்து எழுத்தின்மேல் நடந்துபோகும். அதை விரட்டிவிட்டு நான் மறுபடி எழுதுவேன். வாய்ப்பாட்டையெல்லாம் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தாள். பாடும்போது எனக்கு ஒரு சொல்லும் தடுக்காது. பேசும்போதுதான் தடுக்கும். அப்படித் தடுத்தால், கையிலெடுத்த மீனைப் புரட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நைனா வலை முடைந்துகொண்டிருந்தால் ஊசியை நிறுத்துவார். அக்கா குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். என் சொல் முடிந்ததும் மீன் புரளும், ஊசி ஓடும், குடம் இறங்கும். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

தினமும் காலையில் ஒரு தோணி குப்பங்களை ஒட்டி வந்து பையன்களை ஏற்றிக்கொண்டு அக்கரைப் பள்ளிக்குப் போகும். போகும்போதே அவர்கள் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லுவார்கள். தண்ணீர்மேல் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். அவர்கள் சொன்னது எல்லாமே எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் தோணி கண்ணிலிருந்து மறையும்வரை கரையில் நின்றுகொண்டிருப்பேன்.

"நானும் போ... போறேம்மா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இங்க இன்னாடா கொறச்சல்? அவுங்க இப்ப படிக்கிறத நீ எப்பவோ படிச்சிட்டியே."

"அங்க பசங்க கீறாங்க."

நைனாதான் எனக்காகப் பேசினார். "போவட்டும் வுடு. நாளைக்குக் கடலுக்குப் போனாலும் நாலு பேரோடதான போவணும்."

"இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும்" என்றாள் அம்மா. இதை அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் அம்மா விடியும் முன்பே மீன் கூடையோடு போயிருந்தாள். நைனா கடலில். அக்கா தண்ணீருக்குப் போனாள். தோணி வந்தது, நான் ஏறிவிட்டேன். தோணிக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். "அம்மா போவச் சொல்லிச்சா?" என்று கேட்டார். பலமாகத் தலையாட்டினேன்.

பையன்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அவர்கள் தடுமாறிய இடத்தில் என் குரல் மட்டும் தனியே மேலே போனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடக்கே சாயத்தொட்டி வைத்திருந்தவரின் மகன், நகமெல்லாம் நீலமாக இருந்தவன், நகர்ந்து எனக்கு இடம் விட்டான். அன்று அந்தத் தோணியில் நான் உட்கார்ந்திருந்த மிதப்புக்குத் தோணி தனியாக மிதக்க வேண்டியதே இல்லை.

பள்ளி என்பது பூவரச மரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. வாத்தியார் என்னை ஒரு பாடம் சொல்லச் சொன்னார். பாடினேன். அவருக்கு ஆச்சரியம்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"அ... அ... அ..." என்று தொடங்கினேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சொல் வந்துகொண்டிருந்தது.

வாத்தியார் நல்ல மனிதர், உதவி செய்யத்தான் நினைத்தார். "அண்ணனா?" என்றார். இல்லையென்று தலையசைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். "அத்தையா?" என்றார். அதுவும் இல்லை. மறுபடி தொடங்கினேன். பையன்கள் சிரித்தார்கள். இது ஏதோ விடுகதை விளையாட்டு என்று எண்ணி நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் சாயக்காரர் மகன் செய்து காட்டினான். மோவாயைத் தூக்கி, கண்ணை இறுக்க மூடி, "அ... அ... அ..." என்றான். கொட்டகையே சிரிப்பில் ஆடியது. நான் சிரிப்பதை நிறுத்தினேன். என் முகத்தை இன்னொருவன் முகத்தில் பார்த்துவிட்டேன். நான் இப்படியா இருக்கிறேன்?

வாத்தியார் பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு அடங்கியது. என்னை முன்னால் உட்காரவைத்து, முறை சொல்லச் சொன்னார். நான் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பாடினேன். சற்றுமுன் சிரித்த வாய்களெல்லாம் என் வரியைத் திருப்பிச் சொல்லின. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் அதே சாயக்காரர் மகன் கிட்டிக்கோலை என்னிடம் நீட்டி, "வா, நீ மொதல்ல அடி" என்றான். காலையில் நடந்ததை அவன் மறந்தே போயிருந்தான். நான் அடித்த கிட்டிப்புள்ளை ஒருவன் பிடித்துவிட்டான், என் ஆட்டம் முடிந்தது. ஆனாலும் நான் கோலைக் கொடுக்கவில்லை. அக்காவோடு விளையாடும்போது நான் தோற்றால் இன்னொரு முறை அடிக்க விடுவாள். ஆட்டம் என்றால் அதுதான் என்று இருந்தேன். இவர்கள் கோலைப் பிடுங்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என் முறை மறுபடி வந்தது. ஏரிச் சேற்றில் விழுந்து எழுந்து, பெயர் தெரியாத பையன்களோடு கத்திக்கொண்டு ஓடியதுபோல் அதற்கு முன் நான் ஓடியதில்லை.

சாயங்காலம் எங்கள் குப்பத்துத் தோணித்துறையில் அம்மா காலிக் கூடையோடு நின்றிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மற்ற பையன்கள் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"நான் பேசறது வேற மா... மாதிரியாம்மா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. செ... செஞ்சி காட்னான்."

அம்மா குனிந்து என் காலிலிருந்த சேற்றைக் கழுவினாள். வீடுவரை சேற்றில்தான் நடக்க வேண்டும். இருந்தும் வெகுநேரம் கழுவினாள்.

"கொஞ்சம் தடுக்கும்டா. அவ்ளோதான்."

"ஏ... ஏன் நீ சொல்லல?"

அவள் நிமிர்ந்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாதி தூரம் போனபிறகு, "நாளைக்கும் போறியா?" என்று கேட்டாள். "போறேன்" என்றேன். அந்தச் சொல் அன்று தடுக்கவில்லை.

இப்போது என் மகனுக்கும் அதே தடுக்கல். நானும் என் மனைவியும் வீட்டிலேயே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். "அங்க எதுக்கு அனுப்பணும், நாமளே படிக்க வெச்சிக்கலாம்" என்கிறாள் அவள். அவள் சொல்வதில் தப்பில்லை. பயமில்லாமல் படிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு எழுத்து மனதில் பதியும்வரை, பகல் முழுக்க ஆனாலும், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருத்தி இருந்தாள். அந்த நிதானம் பிறகு எந்த இடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்குப் போன பிறகு கற்றதெல்லாம் தந்திரம்தான். தடுக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போட்டுப் பேசக் கற்றேன். கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, கேட்க முடிந்ததைக் கேட்கக் கற்றேன்.

ஆனால் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதை எனக்குச் சொல்ல ஒரு சாயக்காரர் மகன் வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்த வீட்டின் அன்பு அப்படி. இன்று நான் வேலை பார்ப்பது அவனுடைய சாயத்தொட்டியில்தான். என் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருவன்தான் இருக்கிறான். இன்றுவரை என் சொற்களை அவன்தான் முடித்துவைக்கிறான், அதுவும் பெரும்பாலும் தப்பாக. வீட்டிலேயே இருந்திருந்தால் அவன் எனக்கு ஏது?

அதனால், பேச்சு தடுக்கும் என்பதை மகனிடம் நானே சொல்லிவிட்டேன். "உ... உனக்கும்தானே நைனா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். மழைக்காலம் முடிந்ததும் அனுப்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். மனம் இன்னும் ஒப்பவில்லை. அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மீன் காயும் வாடை எங்கேயாவது அடித்தால், வந்த வேலையை மறந்து நின்றுவிடுகிறேன்.

நான் முதன்முதலாகப் பள்ளிக்குப் போய்வந்ததற்கு மறுநாள் காலையில் அம்மாவே என்னைத் தோணித்துறைக்கு அழைத்துப் போனாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். தோணி நிறையப் பையன்கள். சாயக்காரர் மகன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். தோணிக்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இன்னா, இன்னிக்கும் வந்துட்டியா? சாயங்காலம் இட்டுனு போவ யார் வருவா?"

"அ... அ..." என்றேன்.

பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா வரும்னு சொல்றான்" என்றாள் அவசரமாக.

எங்கள் வீட்டு ஆள் ஒருவர் என் சொல்லை முடித்துவைத்தது அதுதான் முதல்முறை. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. பேச்சு சட்டென்று முடிந்ததில் எனக்கு நிம்மதி. அவள் கையை விட்டுவிட்டுத் தாவித் தோணியில் ஏறினேன். அம்மா ஏன் அழுகிறாள் என்று சாயக்காரர் மகன் கேட்டான். கண்ணில் வெயில் படுகிறது என்றேன். அப்படித்தான் நம்பினேன்.