மூணாம் நம்பர்

எங்கள் பண்ணையில் மருந்துக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். இலத்தூர் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது. ஷெட்டும் பாடும் மட்டும் எங்களுடையது. மருந்து வெள்ளைப் பாக்கெட்டில் வரும். மேலே பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் கம்பெனி சூப்பர்வைசர் சிரிப்பான்.

"எல்லாம் வைட்டமின்தான் அண்ணாச்சி."

நம்பினேன். பி.காம் படித்தவன் நான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரெல்லாம் துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பும். நாங்கள் ஷெட்டுக்கு ஓடுவோம். ஈரக்காற்று பட்டால் குஞ்சுகள் மூக்கொழுகிச் சுருண்டு விழும். அதனால் மேற்கே மலையை மேகம் மூடியதுமே மூணாம் நம்பரைத் தண்ணீர் டேங்கில் கொட்டிவிடுவோம். சீக்கே வராத கோழிக்கு மருந்து! எனக்குத் தெரிந்த பண்ணைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கலக்குவது என் மனைவி. கட்டி நிற்கக் கூடாதென்று முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள். வருஷக்கணக்காக அதுதான் பழக்கம்.

போன சாரலில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. கடையில் வாங்கிய மாத்திரை கேட்கவில்லை. தென்காசி டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் கேட்கவில்லை. கிட்னி வரைக்கும் ஏறி, குளிரில் உதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கல்ச்சர் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"வழக்கமா குடுக்கிற எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது. ஒரே ஒரு ஊசிதான் மிச்சம். அதுவும் கேக்கலைன்னா கஷ்டம். என்ன வேலை பாக்குறீங்க?"

கோழிப்பண்ணை என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"கோழிக்குக் குடுக்கிற ஆன்டிபயாட்டிக்குல பழகின கிருமிக்கு அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. இது கோழியாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா தண்ணியில என்ன மருந்து கலக்குறீங்க?"

மூணாம் நம்பர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. கட்டிலில் கிடந்தவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வராந்தாவுக்கு வந்து சூப்பர்வைசரை போனில் பிடித்தேன்.

"மூணாம் நம்பர்ல என்ன இருக்கு, சொல்லுலே."

"வைட்டமின்தான் அண்ணாச்சி."

"அப்ப ஒரு கிளாஸ் கலக்கித் தாரேன், ஒம் பிள்ளைக்குக் குடுப்பியாலே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அதைச் சொல்லப்படாதுன்னு இருக்கு அண்ணாச்சி. இஷ்டமில்லன்னா ஊத்தாதிய. குஞ்சு செத்துதுன்னா அடுத்த பேட்ச் இறக்க மாட்டாவ. அம்புட்டுதான்."

நாறப்பயல். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் காலை, அவளுக்கு ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது பண்ணைக்கு ஓடினேன். மேற்கே மலை தெரியவில்லை. ஷெட்டின் ஒரு மூலையில் பத்து நாள் குஞ்சுகள் நாலைந்து ஒண்டி நின்று தும்மின. பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனிக்காரனைத் திட்டினேன். பேனாவால் நம்பர் போட்டவனைத் திட்டினேன். அருவியில் குளித்துவிட்டு வந்து பெப்பர் சிக்கன் தின்கிற கூட்டத்தையும் விடவில்லை. திட்டிக்கொண்டேதான் பாக்கெட்டைக் கிழித்தேன். டேங்கில் கொட்டி, அவள் செய்வதைப் போலவே கையை விட்டுக் கலக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அவள் நெற்றியில் கை வைத்தேன். கண்ணைத் திறந்தாள்.

"குஞ்சுக்கு ஊத்துனியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊற்றினேன் என்றேன்.

என் கையைப் பிடித்து நெற்றியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு வெளியே விட்டாள்.

"கழுவிட்டு வந்து தொடுங்க."